சாய்த்துப் பார்க்காத பதினெட்டு நிறுத்தங்கள்

ஒரு பெண்ணின் மேல் நான் பொய்யாக ஒரு குற்றத்தை எழுதினேன். அவர் பேருந்து ஓட்டுநர். அவர் சரியாகத்தான் ஓட்டினார். தவறு செய்தவன் நான். என் தவறை அவர் பெயரில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். பின்னால்தான் தெரியவந்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

எனக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தார். நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்து, இயந்திரப் பொறியியலில் டிப்ளோமா படித்து, கல்யாணத்துக்குப் பிறகு கிள்ளானில் வீடு வாங்கிக் குடியேறினேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் பேருந்து ஓட்டும் ஒரு கம்பெனியில் முப்பத்தைந்து வருடம் இருந்தேன். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. கம்பெனி என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. கடைசிப் பத்து வருடம் இரண்டு வேலைகள் என் பொறுப்பில் இருந்தன. ஒன்று, புதிய பேருந்து எந்தத் தடத்தில் ஓட முடியும் என்று போய்ப் பார்த்து எழுதிக் கொடுப்பது. இன்னொன்று, அந்தப் பேருந்தை ஓட்டப் போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது.

என் வேலையின் கடைசிக் காலத்தில்தான் தாழ்தள ஈரடுக்குப் பேருந்துகள் வந்தன. உயரமான வண்டி என்றுதான் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். எனக்கு அதன் கீழ்ப்பாதிதான் பிடித்திருந்தது. பழைய பேருந்துகளில் ஏற மூன்று படி. இதில் படியே கிடையாது. நடைபாதை ஓரத்திலிருந்து ஓர் எட்டு வைத்தால் உள்ளே நிற்கலாம். அந்த ஓர் எட்டும் முடியாதவர்களுக்கு ஓட்டுநரின் பக்கத்தில் ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் இடது பக்கச் சக்கரங்களுக்கு மேலே இருக்கும் காற்றுப் பைகள் பெருமூச்சு விட்டதுபோல் காற்றை விடும். வண்டி அந்தப் பக்கம் சாய்ந்து, வாசல் நடைபாதையின் மட்டத்துக்கு இறங்கும். டிப்போவில் இதற்குச் 'சலாம் போடுவது' என்று பெயர். "அங்க ஒரு பாட்டி நிக்குது, சலாம் போடு" என்பார்கள்.

ஓரடுக்குப் பேருந்தில் இந்தச் சாய்வு யார் கண்ணுக்கும் தெரியாது. ஈரடுக்கில் அப்படி இல்லை. வாசல் நான்கு விரற்கடை இறங்கினால், வண்டியின் தலை நடைபாதைப் பக்கம் அரைச் சாண் போகும். இடைநிலைப் பள்ளி மாணவன்கூடப் போடக்கூடிய கணக்கு இது. அதனால்தான் வண்டியைச் செய்தவர்கள் கையேட்டில் தெளிவாக எழுதியிருந்தார்கள்: ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் உண்மையான வண்டியைக் கொண்டுபோய், ஓரத்தை ஒட்டி நிறுத்தி, சாய்த்து, மேல்தளத்திலிருந்து மரம், பெயர்ப்பலகை, கூரை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். நாங்கள் அதுவரை செய்துவந்த முறை வேறு. ஒரு சின்ன லோரியின் பின்னால் வண்டியின் உயரத்துக்கு ஒரு கம்பை நட்டுத் தடம் முழுக்க ஓட்டிப் பார்ப்போம். கம்பில் எதுவும் படாவிட்டால் வண்டியும் போகும். கம்புக்குச் சாயத் தெரியாது.

கிள்ளானிலிருந்து ஃபெடரல் ஹைவே எனப்படும் கூட்டரசு நெடுஞ்சாலை வழியாகப் பிரிக்பீல்ட்ஸ் வரை நாற்பது நிறுத்தங்கள். கம்பு போட்டுப் பார்ப்பது முந்தைய வாரமே முடிந்திருந்தது. சாய்த்துப் பார்க்க எனக்கு ஒரு புதிய வண்டியை அரை நாளுக்குத்தான் கொடுத்தார்கள். இரண்டு மணிக்குள் அது டிப்போவுக்குத் திரும்ப வேண்டும். அடுத்த வாரம் தொடக்க விழா. பக்கவாட்டில் படம் ஒட்ட ஆட்கள் காத்திருந்தார்கள். வண்டியை ஓட்டியவர் ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்த ஒரு மலாய்க்கார நண்பர். இருபத்திரண்டு நிறுத்தங்களை முறையாகப் பார்த்தோம். அவர் சாய்ப்பார், நான் மேலே முன் இருக்கையில் உட்கார்ந்து இடது மூலையைப் பார்ப்பேன், குறிப்பேன். இருபத்து மூன்றாவதுக்குப் போகும் வழியில் மழை பிடித்தது. நல்ல மழை. மேல்தளத்துக் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு கடை ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனோம்.

மீன் தலைக் கறி வருவதற்குள் மிச்சம் பதினெட்டு நிறுத்தங்களுக்கும் நான் படிவத்தில் குறி போட்டேன். படிவத்தில் இரண்டு பத்திகள் உண்டு: நிமிர்ந்து நிற்கும்போது, சாய்ந்து நிற்கும்போது. இரண்டிலும் போட்டேன். நண்பர் எட்டிப் பார்த்துவிட்டு மலாயில் சொன்னார்: "கையெழுத்து உன்னுடையது, ஞாபகம் இருக்கட்டும். நான் ஸ்டீயரிங் மட்டும்தான்." இருவரும் சிரித்தோம். கம்பில் படாததா வண்டியில் படப்போகிறது என்று நினைத்தேன். பசியும் இருந்தது. இதைவிடப் பெரிய காரணம் எதையும் என்னால் சொல்ல முடியாது.

அந்தப் பெண் பயிற்சிக்கு வந்தது அதே மாதம். அப்போது அவருக்கு நாற்பது தாண்டியிருக்கும். கிள்ளானை அடுத்த காப்பாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். எங்களிடம் சேர்வதற்கு முன்னால் கிள்ளானில் தொழிற்சாலைப் பெண்களை ஏற்றிப்போகும் பேருந்தைப் பல வருடம் ஓட்டியவர். எங்கள் டிப்போவில் ஈரடுக்குக்குத் தேர்வான ஒரே பெண்.

ஓரத்தை ஒட்டி நிறுத்துவதற்கு நான் ஒரு பயிற்சி வைத்திருந்தேன். டிப்போவில் நடைபாதைபோல ஒரு சிமெண்டு விளிம்பு கட்டியிருந்தோம். விளிம்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு ஜப்பான் சிலிப்பரை, அதாவது ரப்பர் செருப்பை, வைத்தால் அதன் அகலத்துக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. சிலிப்பரும் நசுங்கக்கூடாது. தாழ்தள வண்டியை எட்டி நிறுத்தினால் அது தாழ்ந்து என்ன பயன், ஏறுகிறவர் தார் ரோட்டில் இறங்கித்தான் ஏற வேண்டும் என்று விளக்குவேன். ஓட்டுநர்கள் தங்கள் சிலிப்பரைத்தான் வைக்க வேண்டும்.

"நசுங்கிட்டா புதுசு வாங்கிக் குடுப்பீங்களா சார்?" என்று அவர் கேட்டார்.

"நசுக்கினா நீ ஃபெயில். ஃபெயிலான ஆளுக்கு எதுக்கு சிலிப்பர்?"

"வெறுங்காலோட காப்பார் வரைக்கும் மோட்டார் ஓட்டச் சொல்றீங்க."

பத்து முறை நிறுத்தினார். பத்து முறையும் சிலிப்பர் அப்படியே கிடந்தது. அந்தக் குழுவில் வேறு யாரும் அப்படி நிறுத்தவில்லை. நான் அவருடைய தாளில் மிக நன்று என்று எழுதினேன்.

தொடக்க விழா முடிந்து மூன்று மாதம் இருக்கும். ஒரு மாலையில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு நிறுத்தத்தில் அவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். அங்கே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அதன் கிளை ஒன்றை யாரோ எப்போதோ வெட்டி, கை நீளத்துக்கு ஒரு முண்டை விட்டிருந்தார்கள். அந்த முண்டு நடைபாதை விளிம்புக்கு நேர் மேலே வந்து நின்றிருந்தது. நிமிர்ந்து போகும் கம்பில் அது படாது. நிறுத்தத்தில் நான்கு கால் ஊன்றுகோலுடன் ஒரு சீனப் பெரியவர் காத்திருந்தார். அந்தப் பெண் சிலிப்பர் அகலத்தில் நிறுத்தி, பொத்தானை அமுக்கினார். வண்டி சாய்ந்தது. மேல்தளத்து முன் கண்ணாடியின் இடது மூலை முண்டில் போய் அழுந்தி உடைந்தது. முன் இருக்கையில் இருந்த ஒரு கல்லூரி மாணவிக்குக் கையில் வெட்டு, இரண்டு தையல். வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் உடைந்த கண்ணாடியும் ரத்தம் பட்ட இருக்கையும் படமாகிக் கைப்பேசிகளில் சுற்றின.

படத்தைப் பார்த்ததும் எனக்கு என்ன நடந்தது என்று முழுவதும் புரிந்துவிட்டது. அது முப்பத்தெட்டாவது நிறுத்தம். நான் போகாத பதினெட்டில் ஒன்று.

விசாரணை டிப்போவின் கூட்ட அறையில் நடந்தது. மூன்று அதிகாரிகள். வண்டி சாயும்போது மேலே என்ன நடக்கும் என்று தெரிந்தவர் அவர்களில் யாரும் இல்லை. அதைச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். "இந்த நிறுத்தத்தைச் சாய்த்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்கள். படிவத்தைக் காட்டினேன். "அப்படியானால் எப்படி?" என்றார்கள். ஓட்டுநர் விளிம்புக்கு அளவுக்கு மேல் நெருக்கமாக நிறுத்தியிருக்க வேண்டும் என்றேன். அதையே எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினேன். எத்தனை அங்குலம் நெருக்கம், எது அளவு என்று எழுதவில்லை. அளவை எழுதியிருந்தால் அவர் சரியாக நிறுத்தினார் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்திருக்கும்.

வெளியே நடைவழியில் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"சார், நீங்க சொல்லிக் குடுத்த மாதிரிதானே நிறுத்துனேன்? சிலிப்பர் அளவுதானே?"

"கொஞ்சம் அதிகமா ஒட்டிட்டே மா. இனிமே கொஞ்சம் தள்ளி நிறுத்து" என்றேன்.

அவர் ஒரு கணம் யோசித்தார். "சரி சார்" என்றார். என்னை நம்பினார்.

அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, ஈரடுக்கிலிருந்து இறக்கி, கிள்ளான் பக்கம் குடியிருப்புகளைச் சுற்றும் சின்னப் பேருந்துக்கு மாற்றினார்கள். அடுத்த வாரம் கம்பெனி சொல்லி ஆட்கள் வந்து மரத்தின் முண்டை அறுத்துவிட்டுப் போனார்கள். அதை யாரும் பேசவில்லை. அடுத்த வருடம் எனக்குப் பிரிவுபசார விருந்து வைத்தார்கள். கவனமான மனிதர் என்று என்னைப் பற்றி ஒருவர் பேசினார். கைதட்டினார்கள்.

அதற்குப் பிறகு ஏழு வருடம் இந்த விஷயம் என்னை ரொம்பவும் தொந்தரவு செய்தது என்று எழுதினால் அதுவும் பொய். அவ்வப்போது ஞாபகம் வரும். சின்ன வண்டி காப்பாருக்குப் பக்கம்தானே, அவருக்கும் வசதிதான் என்று சொல்லிக்கொள்வேன். எங்கள் மெதடிஸ்ட் சபையில் குருவிடம் தனியாகப் போய்ப் பாவத்தைச் சொல்லும் வழக்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து பொதுவாகச் சொல்லிக்கொள்வோம். பொதுவாகச் சொல்வது எனக்கு வசதியாக இருந்தது.

அறுபத்தொன்பது வயதில் எனக்கு வலது முட்டியில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு உடற்பயிற்சி சிகிச்சைக்காக வாரம் ஒருமுறை பிரிக்பீல்ட்ஸ் போக வேண்டியிருந்தது. ஒருநாள் சிகிச்சை முடிந்து கிள்ளான் திரும்ப, அதே மரத்தடி நிறுத்தத்தில் ஊன்றுகோலுடன் நின்றேன். ஈரடுக்கு வந்தது. நடைபாதையிலிருந்து ஒரு கஜ தூரம் தள்ளி, நடு ரோட்டில் என்று சொல்லும்படி நின்றது. நான் தார் ரோட்டில் இறங்கினேன். அங்கிருந்து வாசல் என் முட்டிக்கு மலைபோல் இருந்தது. கம்பியைப் பிடித்து ஏறுவதற்குள் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஓட்டுநர் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு தமிழர்.

"தம்பி, ஒட்டி நிறுத்திச் சலாம் போட்டிருக்கலாமே" என்றேன்.

"சலாமா? அங்கிள் டிப்போ ஆளா?" என்று சிரித்தார். "இந்த ஸ்டாப்ல மட்டும் கேக்காதீங்க அங்கிள். இங்க நாங்க யாரும் போட மாட்டோம்."

"ஏன்?"

"முன்னால ஒரு அக்கா போட்டாங்க. கண்ணாடி ஒடஞ்சி கேஸ் ஆகி அவங்கள டபுள் டக்கர்லேர்ந்து எறக்கிட்டாங்க. அந்த அக்காவே எங்களுக்குச் சொல்லுவாங்க, ரொம்ப ஒட்டாதீங்கடா, நான் ஒட்டித்தான் கெட்டேன்னு. நல்ல அக்கா லா. நீங்க உக்காருங்க அங்கிள், வண்டி எடுக்கணும்."

உட்கார்ந்தேன். கிள்ளான் வரும் வரை நிறுத்தங்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மரம் இருக்கும் இடங்களில் எல்லாம் வண்டி தள்ளியே நின்றது. ஒரு தாய், குழந்தையின் தள்ளுவண்டியைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு ஏறினார். ஊன்றுகோல் வைத்த இன்னொருவர் பேருந்தைப் பார்த்துவிட்டு ஏறாமல் நின்றுவிட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் முழுவதையும் சொன்னேன். நாற்பது வருடத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தும் அதுவரை சொன்னதில்லை. அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"உங்க முட்டி வலிச்சாத்தான் ஊர்ல இருக்கறவங்க முட்டி ஞாபகம் வருதா?" என்றாள்.

ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன்.

"எங்கிட்ட சொல்லி என்னங்க ஆகப்போகுது? நானா பஸ் ஓட்டுறேன்?"

முதலில் கம்பெனிக்குப் போனேன். நடந்ததை இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டு எடுத்துப் போயிருந்தேன். பணியாளர் பிரிவில் இருந்த இளம் பெண் அதிகாரி மரியாதையாகப் படித்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

"அங்கிள், எச்சரிக்கைக் கடிதத்துக்கு ஒரு வருடம்தான் ஆயுள். அது எப்போதோ முடிந்துவிட்டது. இப்போது அவர் மேல் ஒன்றும் இல்லை. இதை நான் வாங்கினால் உங்கள் பெயருக்குத்தான் கெடுதல். வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போங்கள்" என்று மலாயில் சொன்னார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். நானும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவர் மேல் ஒன்றும் இல்லை என்ற சொல் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அடுத்த ஞாயிறு காப்பாருக்குப் போனேன். அவருடைய வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. பஸ் ஓட்டும் அக்கா வீடு எது என்று கேட்டதும் காட்டினார்கள். வாசலில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் குழாயை மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

"வாங்க சார். என்ன சார் கோலோட வந்திருக்கீங்க. முட்டியா?"

உட்காராமலே சொல்லிவிட்டேன். "அன்னைக்கு நீ சரியாத்தான் நிறுத்துனே மா. அந்த ஸ்டாப்ப சாய்ச்சுப் பாக்க வேண்டியது என் வேலை. நான் பாக்கல. பாத்ததா எழுதிட்டேன். அது வெளிய வந்துடும்னு பயந்து உம்மேல சொன்னேன்."

அவர் மோட்டார் சைக்கிளைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து கணவர், "யாரு அது?" என்றார். "டிப்போ சார்" என்று பதில் சொன்னார். பிறகு என்னிடம் கேட்டார்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"அன்னைக்கே."

"ரூம்லேர்ந்து வெளிய வந்து எங்கிட்ட பேசுனப்பவே?"

"ஆமா."

கோபமாகக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சாதாரணக் குரலில்தான் பேசினார்.

"எத்தன வருஷம் சார், படுத்தா அந்த ஸ்டாப்தான். மனசுக்குள்ள திரும்பத் திரும்ப நிறுத்திப் பாப்பேன். ஒரு தடவ இவ்வளவு தள்ளி, ஒரு தடவ அவ்வளவு தள்ளி. எங்க விட்டேன், எங்க விட்டேன்னு. நீங்க சொன்னதுனால நம்பிட்டேன். வேற யாரு சொல்லியிருந்தாலும் சண்ட போட்டிருப்பேன்."

"என்னை மன்னிச்சிரு மா" என்றேன்.

"அது அப்புறம் சார். உக்காருங்க மொதல்ல. முட்டிய வெச்சிக்கிட்டு நிக்காதீங்க."

உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்தார். அதற்குள் பழைய எச்சரிக்கைக் கடிதம் இருந்தது. எட்டு வருடமாக மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார். அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு தாள்கள். ஈரடுக்குக்குத் திரும்பக் கேட்டு இரண்டு முறை விண்ணப்பித்திருக்கிறார். இரண்டு முறையும், ஓட்டுநர் தவறால் விபத்து என்று பதிவில் இருப்பதால் முடியாது என்று பதில் வந்திருந்தது. கடிதத்தின் ஆயுள்தான் முடிந்திருந்தது. பதிவு அப்படியே இருந்தது.

"ரிட்டயர் ஆகறதுக்குள்ள ஒரு தடவயாச்சும் அதுல உக்காரணும் சார். எனக்கு ரெண்டு வேணும்" என்று எச்சரிக்கைக் கடிதத்தை நீட்டினார். "இந்தச் சூராட் எப்படி இருக்கோ அதே மாதிரி இன்னொரு சூராட். மலாய்ல, கம்பெனி முத்திர, சாப் குத்தி, எம்மேல தப்பில்லன்னு. அப்புறம் நீங்க கேண்டீனுக்கு வந்து எல்லார் முன்னாலயும் சொல்லணும். இங்க வந்து எங்கிட்ட தனியாச் சொன்னா யாருக்குத் தெரியும்? மோட்டாருக்கா?"

மறுநாளே கம்பெனிக்குப் போய் இரண்டு பக்கத்தையும் கொடுத்தேன். இந்த முறை பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்காமல் எழுந்திருக்கவில்லை. அந்த இளம் அதிகாரி என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார்.

கேண்டீனுக்கு ஒரு புதன்கிழமை, மதியம் ஆள் மாறும் நேரத்தில் போனேன். முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். பாதிப் பேருக்கு என்னைத் தெரியாது. தெரிந்தவர்கள் எழுந்து நாற்காலி கொடுத்தார்கள். அந்தப் பெண் சின்னப் பேருந்தை நிறுத்திவிட்டு வந்து தண்ணீர்க் கடைப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எல்லோருக்கும் புரியட்டும் என்று மலாயில் பேசினேன். பயிற்சி வகுப்பில் பேசிய அதே குரல் வந்தது. அது எனக்கே பிடிக்கவில்லை. நான் பதினெட்டு நிறுத்தங்களைப் பார்க்கவில்லை, இவர் தவறு செய்யவில்லை, நான் பொய் சொன்னேன் என்று சொல்லி நிறுத்தினேன்.

பிறகு பின்னால் இருந்து ஒரு தமிழ்க் குரல்: "இதச் சொல்ல எட்டு வருஷமா அங்கிள்?"

பக்கத்தில் இருந்தவர், "ஃபெடரல் ஹைவே ஜாம் லா" என்றார்.

சிரித்தார்கள். நான் தலையாட்டினேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. வயதான ஓட்டுநர் ஒருவர், என்னிடம் பயிற்சி பெற்றவர், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப அந்த ஸ்டாப்ல சலாம் போடலாமா சார்?"

"போடலாம். அந்தக் கிளைக் கட்டைய அடுத்த வாரமே அறுத்துட்டாங்க."

"அடுத்த வாரமேன்னா? எட்டு வருஷமா அங்க ஒண்ணும் இல்லையா?"

"இல்ல."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. "எத்தன கெழவன் கெழவிய நான் ரோட்டுல எறக்கி ஏத்தியிருப்பேன்" என்று அவர் தமிழில் தனக்குத் தானே சொன்னதுபோல் சொன்னார். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அவர் என்னிடம் அதற்குப் பிறகு பேசவில்லை.

அதன் பிறகு நடந்தவை மெதுவாக நடந்தன. கம்பெனி என்னை ஒருமுறை கூப்பிட்டு வாக்குமூலம் வாங்கியது. அதுவரை எப்போதாவது புதிய ஓட்டுநர்களுக்குப் பேச என்னை அழைப்பார்கள். அந்தப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டதாகக் கடிதம் வந்தது. அது சரிதான். நான் பார்க்காமல் விட்ட மற்ற பதினேழு நிறுத்தங்களையும் இளைஞர்கள் இருவர் ஒரு வண்டியைக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார்கள். அதில் ஒரு நிறுத்தத்தில் ஒரு கடையின் பெயர்ப்பலகை இடிக்கும் நிலையில் இருந்ததாம். ஓட்டுநர்கள் பயந்து தள்ளி நிறுத்தியதால்தான் எட்டு வருடமாக அங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அவருக்கு வரவேண்டிய கடிதம் ஐந்து மாதம் கழித்து வந்தது. மலாயில், கம்பெனி முத்திரையோடு. அதன் படத்தை எனக்கு அனுப்பினார். கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை. நான் பார்த்துவிட்டேன் என்று மட்டும் பதில் போட்டேன்.

இன்னும் இரண்டு மாதம் போனது. ஒரு சனிக்கிழமை காலையில் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"சார், டபுள் டக்கர் திரும்பக் குடுத்துட்டாங்க. டெஸ்ட்டு வெச்சாங்க, பாஸ் பண்ணிட்டேன். திங்கக்கெழமையிலேர்ந்து அதே ரூட்டு."

"சந்தோஷம் மா" என்றேன்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க என் வண்டில ஏறாதீங்க சார். சண்ட போடணும்னு சொல்லல. கண்ணாடில உங்க மூஞ்சி தெரிஞ்சா எனக்குக் கை நிக்காது. ஒட்டுறதா தள்ளுறதான்னு திரும்ப யோசிக்க ஆரம்பிச்சிருவேன். அதான்."

"சரி மா. ஏற மாட்டேன்."

"முட்டிய பாத்துக்கோங்க" என்று வைத்துவிட்டார்.

மன்னித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. அவருடைய வேலை நேரம் எனக்குத் தெரியாது. யாரிடமும் விசாரிக்கவும் இல்லை. வருகிற எந்த ஈரடுக்கிலும் அவர் இருக்கலாம். அதனால் நான் இப்போது கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு ரயிலில் போய்வருகிறேன். நிலையத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். மெதுவாக நடக்கிறேன்.